நிட்டிங் குறிப்பைப் படிப்போம், கணக்குப் பார்த்துப் பின்னுவோம்



கொடைக்கானல் மலைக்கு கம்பளி புதுசு இல்லை. மேல்மலையில், மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையம் 1965 முதல் இருக்கிறது. ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவர்களும் நம் குழுக்களில் உண்டு. ஆனால் ஆர்டரோடு இங்கிலீஷ் குறிப்பு வந்தால், "படிச்ச அக்கா வரட்டும்" என்று ஊசியைக் கீழே வைத்து விடுகிறோம். குறிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டால், பின்னியதை எல்லாம் பிரிக்கணும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் நமக்கு, பிரித்த நாளுக்குக் கூலி கிடையாது. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும், குறிப்பை நாமே சரிபார்க்கலாம்.

ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண். 'கே' என்றால் நிட், 'பி' என்றால் பர்ல். பக்கத்தில் உள்ள எண், எத்தனை கண் என்பதைச் சொல்லும். 'கே 2 டாக்' என்றால் இரண்டு கண்ணைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது. ஒரு கண் குறையும். 'ஒய் ஓ' என்றால் நூலை ஊசிமேல் ஒரு சுற்று போடுவது. ஒரு கண் கூடும்.

இனி, அடிக்கடி குழப்பும் ஐந்து இடங்கள்:

1. நட்சத்திரக் குறி: "* கே 2, பி 2, கடைசி 2 கண் வரை * முதல் திரும்பச் செய், கே 2" என்று இருக்கிறது. ஊசியில் 110 கண். கடைசி 2 போக 108. ஒரு தடவைக்கு 4 கண், ஆக 27 தடவை. மீதி இல்லை, கணக்கு சரி. மீதி வந்தால் பின்னாதீர்கள். முதலில் கண்ணை எண்ணுங்கள், பிறகு வரியைத் திரும்பப் படியுங்கள்.

2. அடைப்புக்குறி: "102 (110, 118)" என்பது சின்னது, நடுத்தரம், பெரியது என்ற மூன்று அளவு. உங்கள் அளவை மட்டும் குறிப்பு முழுவதும் பென்சிலால் வட்டமிடுங்கள்.

3. 'ரைட் சைடு': இது வலது பக்கம் இல்லை. துணியின் நல்ல பக்கம், வெளியே தெரிகிற பக்கம். ஆனால் 'ரைட் ஃப்ரண்ட்' என்றால் போடுகிறவரின் வலது கைப் பக்கத்து முன்பாகம்.

4. 'ஈச் எண்டு': "ஒவ்வொரு 4-வது வரிசையிலும் ஈச் எண்டில் 1 கண் குறை, 6 முறை." இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, அதாவது ஒரு முறைக்கு 2 கண். 6 முறைக்கு 12 கண். 68 இருந்தால் 56 ஆகணும். 62 நின்றால் ஒரு ஓரத்தை மட்டும் குறைத்திருக்கிறீர்கள்.

5. ஊசி நம்பர்: இங்கிலாந்தின் பழைய கணக்கில் 8-ம் நம்பர் ஊசி 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் அதே 8-ம் நம்பர் 5 மி.மீ. நம்பரை நம்பாமல் மி.மீ. பார்த்து எடுங்கள்.

ஊசி சரியாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் கை இறுக்கம் மாறும். அதனால் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பாருங்கள். குறிப்பில் 10 செ.மீ.க்கு 22 கண் என்றால், 110 கண் 50 செ.மீ. அகலம் வரும். உங்கள் கைக்கு 20 கண் தான் வருகிறது என்றால் 55 செ.மீ. ஆகிவிடும். முன்னும் பின்னும் சேர்த்து 10 செ.மீ. கூடுதல்! அப்போது ஒரு சுற்று மெல்லிய ஊசிக்கு மாறி, மறுபடி அளந்து பாருங்கள்.

குழுவுக்கு ஒரு நோட்டு போடுங்கள். புதுக் குறிப்பு வந்ததும் எல்லோரும் கூடி உட்கார்ந்து, வரிசை வரிசையாகத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதன் முடிவில் எத்தனை கண் நிற்கணும் என்று குறியுங்கள். ஒருத்தர் மட்டும் படிக்கத் தெரிந்த குழுவில், அவர் வராத நாளில் வேலை நிற்கும். நோட்டு இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பின்னலாம், அடுத்த ஆர்டருக்கும் அது உதவும்.