பெத்தவங்க இல்லை, வளர்த்தவங்க



கார்த்திகை மாசம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பாருங்க. சின்னக் கொத்தா மினுங்குதே, அதுதான் கார்த்திகை நட்சத்திரம். நல்ல இருட்டுல வெறுங்கண்ணுக்கே ஆறு தெரியும்.

சரவணப் பொய்கையில் ஆறு குழந்தையா வந்த முருகனுக்குப் பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் இவங்கதான். பரிபாடலும் இந்த ஆறு பேரைச் சொல்லுது.

ஒண்ணு கவனிச்சீங்களா? அவங்க பெத்தவங்க இல்லை, வளர்த்தவங்க. ஆனா சிவபெருமான் என்ன சொன்னார்? நீங்க வளர்த்ததால இவன் உங்க பிள்ளைன்னே பேர் பெறுவான். உங்க நாளில் இவனைக் கும்பிடுறவங்க குறை தீரும்னு வரம் கொடுத்தார். கந்தபுராணம் பாடுற கதை இது. அப்படித்தான் நம்ம அப்பன் கார்த்திகேயன் ஆனான்!

அந்த நட்சத்திர வெளிச்சம் நம்ம கண்ணுக்கு வந்து சேர சுமார் 440 வருஷம் ஆகுது. எப்பவோ கிளம்பினது, இன்னைக்கும் நம்மைத் தேடி வருது!

உங்களுக்குச் சோறூட்டின பாட்டி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா யாராவது இருப்பாங்க. பேசி எத்தனை நாளாச்சு? இன்னைக்கே ஒரு போன் போடுங்க. முருகன் மனசு குளிரும்.

வேலும் மயிலும் துணை!