ஆளை அளந்த ஜெனரல்

ஆலங்குளம்

அன்புள்ள மருமகனுக்கு,

போனில் நீ சொன்னது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. "நம்ம பக்கத்து ஆட்கள் பட்டாசு கட்டத்தான் லாயக்கு, பட்டாளத்துக்கு வடக்கத்திக்காரன்தான்" என்று யாரோ சொன்னதும், பட்டாளத்தில் சேர சிமெண்ட் ஆலை ரோட்டில் இருட்டோடு எழுந்து ஓடிய பிள்ளை நீ, சோர்ந்துவிட்டாய். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா?

அதற்குப் பெரிய காரணம் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ஜெனரல். 1832இல் கான்பூரில் பிறந்தவர். அப்பாவும் இங்கே ஜெனரல். சிறுவயதுக் காய்ச்சலில் ஒரு கண்ணில் பார்வை போயிற்று, ஆளும் குள்ளம். இன்றைய பட்டாள மெடிக்கலில் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் தைரியசாலி, அதை மறைக்கக்கூடாது. 1858இல் ஒரு பஞ்சாபிக் குதிரைவீரனின் உயிரைக் காப்பாற்றி விக்டோரியா கிராஸ் பதக்கம் வாங்கினார். 1880 ஆகஸ்டில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரை, காபூலிலிருந்து காந்தகாருக்கு 500 கிலோமீட்டர், மூன்றே வாரத்தில் நடத்திப் போனார். அதில் கூர்க்காக்களும் சீக்கியர்களும் நிறைய. அந்த நடையோடு சிப்பாய் என்றால் இவர்கள்தான் என்ற உருவம் அவர் மனதில் நிலைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

மறு வருஷம் சென்னைப் படைக்குத் தளபதியாக வந்தார். நீண்ட அமைதியில் தென்னாட்டுச் சிப்பாயின் போர்க்குணம் மங்கிவிட்டது என்று முடிவுகட்டினார். 1806இல் கிளர்ச்சி செய்து வேலூர்க் கோட்டையை ஒரே இரவில் அதிரவைத்தவர்கள் இதே சென்னைச் சிப்பாய்கள்தான்! சண்டைக்கு அதிகம் அனுப்பாமல் வைத்திருந்து சண்டை தெரியாது என்பது என்ன நியாயம்? 1885 முதல் 1893 வரை இந்தியப் படைக்கே அவர்தான் தலைமை. அவர் காலத்திலும் பின்னும் சென்னைப் படைப்பிரிவுகள் பலவற்றில் வடக்கத்தி ஆட்களை நிரப்பினார்கள், சிலவற்றைக் கலைத்தார்கள். பிறகு மதராஸ் ரெஜிமென்ட்டும் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் அதே ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். அது பர்மாவில் போரிட்டது.

ஒருவர் போட்ட கணக்கு, மருமகனே. அதைத்தான் இன்றைக்கும் உன்னிடம் ஒப்பிக்கிறார்கள்.

மதராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இப்போது குன்னூர் பக்கத்தில், வெலிங்டனில் இருக்கிறது. உன் ஷூ அடி தேய்ந்துவிட்டதாக அம்மா சொன்னாள். சனிக்கிழமை சிவகாசி வருகிறேன். சேர்ந்து போய் வாங்குவோம்.

அன்புடன்,
மாமா