கவலை என்னும் கவர்வழி

'கவலை' என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மனத்தை வாட்டும் துயரம் என்பது நாம் அனைவரும் அறிந்தது. ஒரு வழி இரண்டாகவோ பலவாகவோ பிரியும் இடத்தையும் பழந்தமிழர் கவலை என்றே அழைத்தனர். மாடுகளைப் பூட்டித் தோல்சாலால் கிணற்று நீரை இறைக்கும் அமைப்புக்கும் கவலை என்று பெயர். சில வட்டாரங்களில் அதனைக் கமலை என்பர். மாடுகள் சரிவில் இறங்கும், பின்னோக்கி ஏறும், மீண்டும் இறங்கும். மாலையில் அவிழ்த்துவிடும்போது அவை நாள் முழுவதும் நடந்திருக்கும். ஆனால் கிணற்று மேட்டைவிட்டு அகன்றிருக்காது. மாட்டின் உழைப்புக்காவது வயல் நனைகிறது. நள்ளிரவில் படுக்கையில் புரண்டபடி நாம் இறைக்கும் கவலைக்கு அந்தப் பயனும் இல்லை.

இச்சொல் பொருள்கள் ஒன்றோடொன்று உறவுடையவையா என்பதை மொழியறிஞர்கள் ஆராயட்டும். சாதகனுக்கு இவை மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல இலக்கணத்தைத் தருகின்றன. பாதை பிரியும் இடத்தில் எந்த வழியும் செல்லாமல் நின்று, எல்லா வழிகளிலும் மனத்தால் போய்ப்போய்த் திரும்புவதே கவலை. 'மகனுக்கு வேலை கிடைக்காவிட்டால்?', 'பரிசோதனை முடிவு தவறாக வந்துவிட்டால்?', 'கடனைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?' என்ற ஒவ்வொரு 'விட்டால்' என்பதும் ஒரு கிளை வழி. கால்கள் நின்ற இடத்திலேயே நிற்க, மனம் மட்டும் களைத்துப்போகிறது.

மைசூரிலிருந்து வந்த நூல்

மைசூர் ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமம் 1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1936இல் ஓர் அரிய நூல் வெளிவந்தது. கௌடபாதரின் காரிகையும் ஆதிசங்கரரின் உரையும் சேர்ந்த மாண்டூக்ய உபநிஷதத்தைச் சுவாமி நிகிலானந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். முன்னுரை எழுதியவர் வி. சுப்பிரமணிய ஐயர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பதிவாளராகப் பணியாற்றிய அவர், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வேதாந்தம் கற்பித்தவர். 'ஆராய்ந்து அறி, பிறகு ஏற்றுக்கொள்' என்பது அவரது போக்கு. மாண்டூக்யம் என்றாலே 'அது நமக்கல்ல, பண்டிதர்களுக்கு' என்று ஒதுங்குவோர் பலர். அவ்வாறு ஒதுங்க வேண்டியதில்லை. அன்றாடக் கவலையால் அலைக்கழியும் இல்லறத்தாருக்கு அதில் நேரடியான உதவி இருக்கிறது.

காரிகையின் இரண்டாம் பகுதியில் கயிறும் பாம்பும் வருகின்றன. இருளில் இன்னதென்று உறுதிப்படாத கயிறு பாம்பாகத் தோன்றுகிறது என்ற உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பலமுறை கேட்டதாலேயே அதிலுள்ள ஒரு நுட்பத்தைத் தவறவிடுகிறோம். முழு இருளில் பாம்பு தோன்றாது. அங்கே எதுவுமே தெரியாது. முழு வெளிச்சத்திலும் தோன்றாது. அரைகுறை வெளிச்சத்தில்தான் பாம்பு பிறக்கிறது. மேலும், அந்தக் கயிறு பாம்பாக மட்டும் தோன்றுவதில்லை, நீர்த்தாரையாகவும் தோன்றலாம் என்கிறார் கௌடபாதர். பொருள் ஒன்று, கற்பனை பல. கவர்வழி என்று நாம் மேலே சொன்னதும் இதுவே.

கவலையும் அரைகுறை அறிவில்தான் வளர்கிறது. நமக்கு முற்றிலும் தெரியாத ஒன்றைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. தீர்மானமாகத் தெரிந்துவிட்டால் அங்கே துக்கம் இருக்கலாம், செயல் இருக்கலாம், ஆனால் கவலைக்கு இடம் குறைவு. மருத்துவமனையில் முடிவு வரும்வரை தவித்த குடும்பம், முடிவு பாதகமாக வந்த பிறகு ஒருவிதத் தெளிவோடு அடுத்த காரியத்தைப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, கவலையை நோக்கி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'நீ எப்போது போவாய்?' என்பதல்ல. 'எனக்கு உறுதியாகத் தெரிந்தது எவ்வளவு, நானே சேர்த்துக்கொண்டது எவ்வளவு?' என்பதே அக்கேள்வி.

உண்மையான பாம்பு

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: 'கயிறாக இருந்தால் விளக்கைக் கொண்டுவரலாம். உண்மையிலேயே பாம்பாக இருந்தால்?' வறுமை, நோய், வழக்கு ஆகியவை எல்லாம் கற்பனை என்று கூறுவது வேதாந்தம் ஆகாது. அது பிறர் துன்பத்தை உணராத பேச்சு. சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கையே இதற்குச் சான்று.

1884ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரது தந்தை விசுவநாத தத்தர் காலமானார். குடும்பம் கடனில் மூழ்கியது. உறவினர்கள் தொடுத்த சொத்து வழக்கு ஒருபுறம்; மறுபுறம், பட்டம் பெற்றும் கிடைக்காத வேலை. இளைஞர் நரேந்திரர் வெறுங்காலுடன், பசியுடன் கல்கத்தாத் தெருக்களில் அலைந்தார். குருதேவரின் சொற்படி, குடும்பத் துன்பம் நீங்க வேண்டித் தட்சிணேசுவரத்தில் அன்னை காளியின் சன்னிதிக்கு மும்முறை சென்றவர், மும்முறையும் விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே கேட்டுத் திரும்பியதை அன்பர்கள் அறிவர். எளிய உணவுக்கும் உடைக்கும் அவர்களுக்குக் குறைவு வராது என்று ஸ்ரீராமகிருஷ்ணர் வாக்களித்தார்.

இதைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அந்த வாக்கால் வழக்கு மறுநாளே முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் நீண்டது. உலகப் புகழ் பெற்ற பின்னரும், 1898இல், தம் தாய்க்கு மாதந்தோறும் அனுப்பப்படும் நூறு ரூபாயை நிரந்தரமாகத் தொடர வேண்டும் என்று கேத்ரி மன்னர் அஜித் சிங்குக்குச் சுவாமிஜி கடிதம் எழுதினார். துறவிக்குத் தாயைப் பற்றிய பொறுப்பு நீங்கிவிடவில்லை. அதற்காக அவர் செய்யக்கூடியது ஒன்று இருந்தது, அதைச் செய்தார்.

1892ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் மைசூருக்கு வந்தபோது திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினராகவும் பின்னர் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகவும் இருந்தார். விருப்பமான எதையும் வாங்கித் தரும்படி திவான் தம் செயலரைக் கடைத்தெருவுக்கு உடன் அனுப்பியதாகவும், எல்லாவற்றையும் குழந்தைபோல் பார்த்து மகிழ்ந்த சுவாமிஜி கடைசியில் ஒரு சுருட்டை மட்டும் பெற்றுக்கொண்டதாகவும் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. புறப்படும் வேளையில் திவான் பணக்கட்டு ஒன்றைக் கையில் திணிக்க முயன்றார். அதை மறுத்துவிட்டு ஒரு ரயில் சீட்டை மட்டும் ஏற்றார்.

அதே சுவாமிஜி, ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், 1893 ஆகஸ்டு 20ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து சென்னையிலுள்ள அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அளசிங்கர் இன்றைய கர்நாடகத்தின் சிக்கமகளூரில் பிறந்தவர். மண்டயம் ஐயங்கார் மரபினர். சுவாமிஜியின் பயணத்திற்காக வீடுவீடாகச் சென்று பணம் திரட்டியவர். சர்வசமயப் பேரவை செப்டம்பரில்தான் கூடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பவுன் செலவாகிறது. குளிர் வரப்போகிறது, தகுந்த ஆடை இல்லை. இவற்றையெல்லாம் அவர் மறைக்கவில்லை, பெரிதாக்கவும் இல்லை. செலவு இவ்வளவு, கையிருப்பின் நிலை இது, தேவை இது என்று கணக்காக எழுதினார். செலவு குறைவு என்பதால் சிகாகோவை விட்டுப் பாஸ்டன் பகுதிக்குச் சென்றிருந்தார்.

மைசூரில் பணக்கட்டை மறுத்தவர் அமெரிக்காவிலிருந்து பணம் கேட்டு எழுதுவது முரண்பாடு என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாளைக்காகச் சேர்த்துவைக்கும் பயம் மைசூரில் அவரிடம் இல்லை. இன்றைய தேவையை ஒப்புக்கொள்ளும் கூச்சம் அமெரிக்காவிலும் இல்லை. கவலை மனத்துக்குள் சுழலும்வரை அதற்கு அளவே கிடையாது. தாளில் எழுதி, நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்லிவிட்டால், அதற்கு ஓர் எண்ணிக்கையும் எல்லையும் வந்துவிடுகின்றன. இரவில் மலைபோல் தோன்றிய கடன், காலையில் எழுதிப் பார்த்தால் ஒரு தொகை. அதற்கு ஒரு தவணை உண்டு. பேசிப் பார்க்க வேண்டிய ஒரு மனிதர் உண்டு.

புல்நுனியால் கடலை இறைத்தல்

செய்ய வேண்டியதைச் செய்த பின்னும் மனம் பழக்கத்தால் சுழல்கிறதே என்றால், காரிகையின் மூன்றாம் பகுதிக்குப் போக வேண்டும். மனத்தை அடக்குவது, தர்ப்பைப் புல்லின் நுனியால் கடல்நீரைத் துளித்துளியாக இறைப்பது போன்றது என்கிறார் கௌடபாதர். நம்மை ஊக்கப்படுத்தத்தான் இதைச் சொல்கிறாரா என்று வியப்பாக இருக்கும். ஆனால் அங்கே அவர் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: 'அபரிகேதம்'. மொழிபெயர்ப்பவனுக்கு இச்சொல் எளிதில் வசப்படாது. 'சோர்வின்மை' என்றால் உடல் களைப்பை நினைக்கிறோம். 'துயரின்மை' என்றால் பொருள் விலகுகிறது. 'இன்னும் ஆகவில்லையே என்று மனம் நொந்துகொள்ளாமை' என்று விரித்தால்தான் நெருங்குகிறது. கவலைப்படுகிறோமே என்று கவலைப்படுவது இரண்டாவது கவலை. அன்பர்களில் பலரை வாட்டுவது முதலாவதைவிட இதுவே.

நடைமுறையில் ஒரு துளி என்பது மிகச் சிறியது. சாமுண்டி மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறுபவர் உச்சியைப் பார்த்து ஏறினால் மூச்சு வாங்கும். அடுத்த படியைப் பார்த்து ஏறுபவர் சற்று நேரத்தில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தியின் முன் நின்றுகொண்டிருப்பார். கவலை எழும்போது பத்து மூச்சுகளை நிதானமாகக் கவனியுங்கள். மூச்சு நிதானப்பட்டால் படபடக்கும் இதயமும் மெல்ல அடங்குவதை நீங்களே காணலாம். பிறகு இஷ்ட மந்திரத்தை உதடுகள் அசையச் சிறிது நேரம் ஜபியுங்கள். பிறகு கையருகே இருக்கும் வேலையைத் தொடங்குங்கள். மனம் மறுபடி ஓடும். ஓடட்டும், திருப்பிக் கொண்டுவாருங்கள். அடுத்த துளி அதுவே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவலை வாரக்கணக்கில் தூக்கத்தையும் உணவையும் வேலையையும் கெடுத்தால், காரணமின்றி நெஞ்சு படபடத்தால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை. அதில் வெட்கப்படவோ பக்தி குறைந்துவிட்டது என்று வருந்தவோ எதுவும் இல்லை. பெங்களூரில் இருந்த மனநோய்க் காப்பகத்திற்கு அன்றைய மைசூர் அரசு 'மனநல மருத்துவமனை' என்று பெயர் மாற்றியது 1925இல், அதாவது மைசூர் ஆசிரமம் தோன்றிய அதே ஆண்டில். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய நிம்ஹான்ஸ். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மருந்து உண்பவர் ஜபத்தை விட வேண்டியதில்லை. ஜபம் செய்பவர் மருந்தை நிறுத்தவும் கூடாது.

இனி, கௌடபாதர் மனத்தின் நிலைகளைப் பகுத்துக் கூறும் இடம். உறக்கத்தில் ஒடுங்கும் மனத்தை எழுப்ப வேண்டும். சிதறும் மனத்தை அமைதிப்படுத்த வேண்டும். உள்ளே பற்றின் விதை ஒளிந்திருக்கும் மனத்தை அவ்வாறே இனங்கண்டுகொள்ள வேண்டும். கவலைக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது அந்த விதைதான். எதன்மீது பற்று மிகுதியோ அதைச் சுற்றியே கவலையும் சுழல்கிறது. ஆதலால் நம் கவலைகளின் பட்டியலே நம் பற்றுகளின் பட்டியல். எவரும் நமக்கு எழுதித் தர வேண்டியதில்லை.

சமநிலை அடைந்த மனத்தை மீண்டும் அசைக்கலாகாது என்பது அடுத்து வருவது. மேலோட்டமாகப் பார்த்தால் இது யோகிகளுக்கு மட்டும் உரியதாகத் தோன்றும். ஆனால் மகளின் திருமணம் நல்லபடியாக முடிந்து, விருந்தினரும் விடைபெற்ற பின், திண்ணையில் அமரும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். சிறிது நேரம் மனம் ஓய்ந்திருக்கிறது. உடனே அவளுக்கே அது விநோதமாகப் படுகிறது: 'எதையோ மறந்துவிட்டேனே, என்ன அது?' என்று தேடத் தொடங்குகிறாள். அந்தக் கணத்தில் தேடாமல் அப்படியே இன்னும் சற்று அமர்ந்திருக்கும்படிதான் கௌடபாதர் அவளிடமும் சொல்கிறார்.