காலுக்குக் கால் பங்கு

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கம் போனால் சத்திரப்பட்டியையும் பார்த்து வாருங்கள். ஊரெங்கும் விசைத்தறிச் சத்தம். சேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அல்ல அது. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. ஆனால், எவ்வளவு தூய துணியால் கட்டினாலும் சிலருக்குக் காற்புண் மாதக்கணக்கில் ஆறுவதில்லை. ஏன்?

புண் ஆற ஆக்சிஜன் தேவை. அதைச் சுமப்பது இரத்தச் செவ்வணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். இதில் ஒரு கிராம் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 15 கிராம் இருந்தால் கிடைப்பது 20 மில்லி லிட்டர். சோகையால் 7.5 கிராமாகக் குறைந்தால் 10 தான். அப்போது இதயம் விரைந்து துடித்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் புகைபிடித்தலாலோ நீரிழிவாலோ காலின் தமனி குறுகிவிட்டால், இதயம் எவ்வளவு முயன்றாலும் அந்த வழியே கூடுதல் இரத்தம் போகாது. ஓட்டமும் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் பாதி! காலுக்குக் கிடைப்பது கால் பங்கே.

நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று தாத்தா சொன்னால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்களாகக் கட்டுப் போடவும் வேண்டாம். சிரை புடைத்து வரும் புண்ணுக்கு இறுக்கமான கட்டு நல்லது. தமனி குறுகிய காலுக்கோ அதே கட்டு ஆபத்து. உள்ள ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.

இரும்பு மட்டும் போதுமா? ஜான் கிராண்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1939இல் தம்மீதே ஒரு சோதனை நடத்தினார். வைட்டமின் சி அறவே இல்லாத உணவை உண்டு வந்தார். மூன்றாம் மாதம் முதுகில் செய்த வெட்டு ஆறிவிட்டது. ஆறாம் மாதம் செய்ததோ உள்ளே கூடவே இல்லை! வைட்டமினைச் செலுத்திய பிறகுதான் ஆறியது. துணிச்சலான மனிதர், நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

புரதமும் துத்தநாகமும் குறைந்தாலும் புண் ஆறத் தாமதமாகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் புரதம் உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் இரும்பு மிகக் குறைவு, சர்க்கரையோ ஏராளம், நீரிழிவுக்காரருக்கு ஆகாது. கேழ்வரகு, பயறு, கீரை இவற்றில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ தின்றால், அதிலுள்ள வைட்டமின் சி அதைச் சேர்த்துவைக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இதற்கு நேர்மாறு. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள்.