பழைய இரும்பா, பழைய வரலாறா?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்ற குரலைக் கேட்காத தெரு போடியில் இருக்காது. அந்த வண்டிக்காரர் தராசுக்கு ஒரே ஒரு கணக்குதான் தெரியும்: எத்தனை கிலோ? ஆனால் ஒரு பொருளுக்கு எடையைத் தவிர இன்னொரு மதிப்பும் உண்டு. அது யார் செய்தது, எதற்குச் செய்தது, யார் கையில் புழங்கியது என்ற கதைதான் அந்த மதிப்பு. கதை போய்விட்டால் அரும்பொருளும் வெறும் இரும்புதான். இதை நம்ம ஊர் ரயில்களை வைத்தே படித்துப் பார்ப்போம்.

தேயிலைப் பெட்டி வந்த வழி

நமக்கு மேலே, கேரள எல்லையில் 'டாப் ஸ்டேஷன்' இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிறோம். ரயிலே இல்லாத மலை உச்சிக்கு ஸ்டேஷன் என்று பேர் எப்படி வந்தது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மூணாறு தோட்டத்துத் தேயிலை ஒரு காலத்தில் நம்ம பக்கம்தான் இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தண்டவாளம். அங்கிருந்து கீழே கொட்டகுடி வரை சுமார் 5 கிலோமீட்டர் ரோப்வே. மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்' என்று பேர். அதற்குப் பிறகு போடி வரை மாட்டு வண்டி. 1928-இல் போடிக்கு ரயில் வந்த பிறகு, இங்கேயே பெட்டியை ரயிலில் ஏற்றிவிடலாம் என்றானது. கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து. ஒரு தேயிலைப் பெட்டிக்கு இத்தனை வாகனம்!

ஒற்றைத் தண்டவாளம் எப்படி நின்றது?

மேலே ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1902-இல் தொடங்கியபோது மோனோரயில். 'எவிங் முறை' என்று சொல்வார்கள். தரையில் ஒரே தண்டவாளம். அதன்மேல் வண்டியின் சிறு சக்கரம். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையிலேயே உருளும். இழுத்தது என்ஜின் இல்லை, காளை மாடு.

சாய்ந்து விழாதா என்று கேட்பீர்கள். நாம் முதல் வருஷம் படித்த திருப்புத்திறன், அதாவது மொமென்ட் கணக்குத்தான் விடை. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். சுமை 300 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தண்டவாளத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி, பெரிய சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. பெரிய சக்கரம் 160 செ.மீ. தூரத்தில். 300-ஐ 8-ஆல் பெருக்கி 160-ஆல் வகுத்தால் 15 கிலோ. அதாவது மொத்தச் சுமையில் 5 சதவீதம்தான் சாலைச் சக்கரத்துக்கு. மீதி 95 சதவீதம் தண்டவாளத்தின் மேல். எவிங் முறையில் சுமை ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்தது. இரும்பின் மேல் இரும்பு உருளும்போது தடை குறைவு. அதனால்தான் மண் சாலையில் திணறும் மாடு, இதில் கூடுதல் பாரத்தைச் சுலபமாக இழுத்தது. தண்டவாளமும் பாதிதான் செலவு. கெட்டிக்கார வேலைதானே!

1908-இல் மோனோரயிலை எடுத்துவிட்டு 610 மி.மீ. அகலத்தில் குறுகிய பாதை போட்டார்கள். 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதை இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். பாதை அழிந்தது. திரும்பப் போடவே இல்லை.

மிச்சம் இருப்பது என்ன?

மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயில் என்ஜினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் 1913-இல் செய்த ஒரு சூரியக் கடிகாரமும் உண்டு. செய்தது நம்ம தமிழ்நாட்டு நாசரேத் கலைத்தொழிற் பள்ளி. அந்தப் பேரும் வருஷமும் தெரிவதால்தான் அது வெறும் கல்லாகப் போகாமல், நம்மைப் போன்ற தொழில் படிக்கும் மாணவர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் பொருளாக நிற்கிறது.

பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே எவிங் மோனோரயில் 1907 முதல் 1927 வரை ஓடியது. நின்ற பிறகு என்ஜின்கள் ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1962-இல் மைக் சாட்டோ என்ற ரயில் ஆர்வலர் கண்ணில் பட்டன. ஒன்றை அமிர்தசரஸ் பட்டறையில் சீர்செய்து, இன்று புதுடில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு மனுஷன் நின்று பார்த்ததால் அது பிழைத்தது. நம்ம மலையின் மோனோரயிலுக்கு அப்படி ஓர் ஆள் அமையவில்லை.

போடி மீட்டர் கேஜ்

1928-இல் வந்த மதுரை–போடி பாதை சுமார் 90 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்ப வந்தது. 2010 டிசம்பர் கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். 1000 மி.மீ. பாதை 1676 மி.மீ. ஆகி, 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வண்டி வந்தது. இப்போது சென்னைக்கே நேராகப் போகலாம். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நம்ம செட்டில் அந்தச் சின்ன ரயிலில் ஏறின ஞாபகம் உள்ளவர் அநேகமாக யாருமில்லை.

பொருளைப் படிப்பது எப்படி?

1. எழுத்தைத் தேடு. தண்டவாளத்தின் நடுப்பகுதியில் புடைப்பெழுத்தில் உருக்காலையின் பேர், வருஷம், எடைப்பிரிவு இருக்கும். மீட்டர் கேஜில் '60 ஆர்' என்றால் கெஜத்துக்கு 60 பவுண்டு, அதாவது மீட்டருக்குச் சுமார் 30 கிலோ.

2. தேய்மானத்தைப் பார். கை விளக்கு நிஜமாகவே புழங்கியது என்றால் பிடி தேய்ந்திருக்கும், மூலையில் அழுக்கு இறுகியிருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி 'பழசாக' இருந்தால் சந்தேகப்படு.

3. சீட்டையும் விடாதே. 1830-களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் கொண்டுவந்த கெட்டி அட்டை டிக்கெட்டுதான் நம்ம ஊர் வரை வந்தது. வரிசை எண், ஊர்ப் பேர், தேதி முத்திரை மூன்றும் ஒரு பயணத்தின் சாட்சி.

4. சட்டம் தெரிந்துகொள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாதையோரம் கிடக்கிறது என்று எடுத்து வராதே. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வயது கடந்து அக்கால அறிவியலையும் தொழிலையும் காட்டும் பொருளும் தொல்பொருள்தான். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 1924-இல் அழிந்த ரயிலின் மிச்சம் எல்லாம் அந்த நூறைத் தாண்டிவிட்டது.

5. ஆளைக் கேள். இதுதான் முக்கியம்.

என்ஜின் தகட்டில் கம்பெனி பேர் இருக்கும். மாடு ஓட்டினவர் பேர், கொட்டகுடியில் பெட்டி இறக்கினவர் பேர் எந்தத் தகட்டிலும் இல்லை. அவர்களில் அநேகம் பேருக்குக் கையெழுத்தே கிடையாது. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான். உங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான். நம் பெரியவர்கள் செய்த வேலையை நாம் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் கிடையாது.

மீட்டர் கேஜில் கேட் போட்டவர், கீ-மேன் வேலை பார்த்தவர், ஏலக்காய் மூட்டை ஏற்றினவர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்த லீவில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள். பேர், ஊர், வருஷம், செய்த வேலை, கருவியின் பேர் ஆகிய ஐந்தையும் நோட்டில் எழுதுங்கள். இரும்பு போனால் வேறு இரும்பு வார்த்துக்கொள்ளலாம். சொல்ல ஆள் போய்விட்டால் எந்த லேத்திலும் கடைந்து எடுக்க முடியாது.