மூலைப் புதிரும் நேர்முகத் தேர்வும்

வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் இருக்கும் எல்காட் ஐ.டி. பூங்காக்களில் வேலை தேடும் மதுரைப் பிள்ளைகள், பழைய கேள்விகளை மனப்பாடம் செய்வதிலேயே மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு பங்கை, கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இருவர் ஆடும் இகோ (Go) என்ற பலகை ஆட்டத்தின் மூலைப் புதிர்களுக்குக் கொடுங்கள். பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை இவ்வளவு சீக்கிரம் ஒழிக்கும் பயிற்சி வேறொன்று எனக்குத் தெரியாது.

ஆடு புலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபடும். புலியை நகரவிடாமல் அடைப்பதுபோல, எதிரியின் கற்களை ஒட்டிய காலிப் புள்ளிகளை எல்லாம் அடைத்தால் அவற்றைப் பலகையிலிருந்து எடுத்துவிடலாம். 361 புள்ளிகள் கொண்ட பலகையில் நடுவில் வைத்த கல்லுக்கு ஒட்டிய புள்ளிகள் நான்கு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டே. நடுவில் சரியாக வரும் கணக்கு மூலையில் பொய்த்துப்போவது இதனால்தான். மென்பொருள் சோதனை வேலைக்குப் போகிறவர்கள் எல்லை மதிப்புகளில் பிழை தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

புதிரைக் கையில் எடுத்ததும் 'கறுப்பு பிழைக்குமா?' என்று கேட்காதீர்கள். 'இங்கே முதலில் கைவைக்க யாரால் முடியும்?' என்று கேளுங்கள். இரண்டு பேராலும் முடியாது, கைவைத்தவர் கல் பறிபோகும் என்றால் அது செகி. இருவர் கற்களும் அப்படியே பிழைக்கும்.

'கோ' என்ற நிலை வேறு வகை. இருவரும் ஒரே இடத்தில் மாறி மாறி ஒற்றைக் கல்லை எடுக்கக்கூடிய நிலை அது. ஒருவர் எடுத்ததும் மற்றவர் உடனே திருப்பி எடுக்கக் கூடாது. வேறிடத்தில் ஒரு மிரட்டல் ஆட்டம் ஆடி, அதற்கு அவர் பதில் வைத்த பிறகே எடுக்கலாம். ஆகவே மூலையின் முடிவு மூலையில் இல்லை. இருவர் கையிலும் இருக்கும் மிரட்டல்களைத் தாளில் எழுதி எண்ணுங்கள். எண்ணிக்கை சமமாக இருந்தால், முதலில் எடுத்தவரே வெல்வார், ஏனென்றால் மற்றவர் கைதான் முதலில் காலியாகும். ஆனால் கோவைவிடச் சிறிய மிரட்டலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதிரி அதைக் கண்டுகொள்ளாமல் கோவை முடித்துவிடுவார்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். மூலையில் 'வளைந்த நான்கு' என்றொரு வடிவம் உண்டு. பார்வைக்கு அது செகி. உண்மையில் ஒரு தரப்பால் மட்டும் விரும்பும்போது அதைக் கோவாக மாற்ற முடியும். அவர் அவசரப்பட வேண்டியதில்லை. பலகையில் எதிரிக்கு மிச்சமிருக்கும் மிரட்டல்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுக் கடைசியில் தொடங்கலாம். ஜப்பானிய விதிப்படி அங்கே எதிரியின் கற்கள் செத்தவை. சீன விதியில் ஆடிக் காட்ட வேண்டும். வேறெங்கோ ஒரு செகி இருந்து, அதிலிருந்து அகற்றவே முடியாத மிரட்டல் எதிரிக்குக் கிடைத்தால் முடிவு மாறும். நிலை ஒன்றுதான், விதி மாறினால் விடை மாறுகிறது. வாடிக்கையாளரின் தேவை ஆவணத்தைப் படிக்காமல் நிரல் எழுத உட்காரும் புதியவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்தப் புதிரைத்தான்.

ரெஸ்யூமேயில் காட்ட ஒரு புராஜெக்ட் வேண்டுமா? கோ விதி தடுப்பது முன்பு வந்த பலகை நிலை திரும்ப வருவதைத்தான். அப்படி வருகிறதா என்று கண்டுபிடிக்கும் நிரலை எழுதுங்கள். இகோ ஆடும் நிரலை 1960களிலேயே எழுதிய ஆல்பர்ட் சோப்ரிஸ்ட், 1970-இல் தந்த ஹேஷிங் முறை இதற்குக் கச்சிதம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தற்செயல் எண்ணைக் கொடுத்து, பலகையில் உள்ள கற்களின் எண்களை எக்ஸார் செய்வதுதான் வேலை. ஒரு கல் மாறினால் முழுப் பலகையையும் மறுபடி கணக்கிட வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் இது கைகொடுக்கும். 'நீங்க முடிச்சுக் கொடுங்க, நாங்க ஆரம்பிக்கிறோம்' என்று இரண்டு குழுக்கள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தால், அது செகியா வளைந்த நான்கா என்று பாருங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் காத்திருக்க வசதி இருந்தால் நாள் ஆக ஆக மற்றக் குழுவின் வழிகள் அடைபடும். நீங்கள் அந்த இரண்டாவது குழுவில் இருந்தால் மேலாளரிடம் இன்றே பேசுங்கள்.

விடையைச் சரிபார்க்க கட்டகோ என்ற இலவச நிரல் இருக்கிறது. உங்கள் பதிலைக் காரணத்தோடு எழுதி முடித்த பிறகே அதைத் திறங்கள். சீன விதியில் ஒருமுறை, ஜப்பானிய விதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.