முன்தேதியிட்ட ஊதிய உயர்வு: கடமையா, சலுகையா?

ஊதிய உயர்வு காலந்தாழ்ந்து அறிவிக்கப்படும்போது, கடந்த மாதங்களுக்கான நிலுவையையும் முதலாளி கொடுத்தாக வேண்டுமா? பெங்களூர் பிரேசர் டவுனிலுள்ள சிறு தையற்கூடத்திலும் மத்திய அரசு அலுவலகத்திலும் ஒருங்கே எழக்கூடிய கேள்வி இது. இதற்கு ஒரே விடை இல்லை. உயர்வு எதிலிருந்து பிறக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

முதலாவது, சட்டப்படி நிர்ணயிக்கப்படும் குறைந்தபட்ச ஊதியம். இதில் முதலாளியின் விருப்பத்திற்கு இடமில்லை. குறித்த நாளிலிருந்தே அத்தொகை அவர் செலுத்த வேண்டிய கடனாகிறது. கர்நாடகத்தில் 2020 ஏப்ரல் முதல் ஆயத்த ஆடைத் தொழிலாளரின் அகவிலைப்படி மாதம் சுமார் 417 ரூபாய் உயர வேண்டியிருந்தது. கொரோனா நெருக்கடியின்போது மாநில அரசு அதனை ஓராண்டு ஒத்திவைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ஒத்திவைப்புக்குத் தடை விதித்தது. ஆயினும் பல ஆலைகள் நெடுநாள் பழைய ஊதியத்தையே கொடுத்து வந்தன. 2022 தொடக்கத்தில்தான் நிலுவை பெருமளவில் கைக்கு வரலாயிற்று. 417 ரூபாய் சிறு தொகையாகத் தோன்றலாம். 20 மாதங்களில் அது 8,340 ரூபாய். தையல் தொழிலாளி ஒருவரின் ஏறத்தாழ ஒரு மாத ஊதியம்.

இரண்டாவது, ஒப்பந்தத்தாலோ தீர்ப்பாலோ வரும் உயர்வு. இங்கு ஆவணத்தில் குறித்த நாளே அளவுகோல். வங்கி ஊழியரின் 12ஆவது இருதரப்பு ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தாயினும், 2022 நவம்பர் 1 முதல் செயலுக்கு வந்தது. நாள் குறித்து உடன்பாடு ஏற்படாவிடில் பூசல் தொடர்கிறது. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியருக்கு 15 விழுக்காடு உயர்வு 2023 மார்ச் முதல் அளிக்கப்பட்டது. அது 2020 ஜனவரியிலேயே வரவேண்டியது எனக் கூறி, இடைப்பட்ட 38 மாத நிலுவையைத் தொழிற்சங்கங்கள் கோரின. 2025 ஆகஸ்டு 5 வேலைநிறுத்தத்திற்கு இக்கோரிக்கையும் ஒரு காரணம். தீர்ப்பு எந்நாள் முதல் செல்லும் என்பதற்குப் பொதுச் சூத்திரம் வகுக்க இயலாது. சூழ்நிலையை ஆராய்ந்தே தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டும் என்று இந்துஸ்தான் டைம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது.

மூன்றாவது, முதலாளி தாமாக அளிக்கும் உயர்வு. இதற்கு முன்தேதி இடுமாறு பொதுவான சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பணி ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அவ்வாக்குறுதி அவரைப் பிணைக்கும்.

அரசும் எல்லாவற்றுக்கும் முன்தேதி இடுவதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி திருத்திய சம்பளம் 2016 ஜனவரி 1 முதல் வழங்கப்பட்டது. திருத்திய படிகளோ 2017 ஜூலை 1 முதலே வழங்கப்பட்டன.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, நிலுவை கோரி விண்ணப்பிக்க 3 ஆண்டு கால வரம்பு தருகிறது. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் அது 6 மாதமே. காலம் நீண்டாலும், சான்றின்றி உரிமை நிலைநாட்டப்படுவது அரிது. ஆகவே ஊதியச் சீட்டைத் தொழிலாளர் பேணுதலும், ஆணையில் செயலுக்கு வரும் நாளை ஐயமின்றி அலுவலர் எழுதுதலும் இன்றியமையாதவை. எழுதாது விட்ட ஒரு தேதியே பின்னர் பல்லாண்டு வழக்காக வளர்கிறது.